எந்தப் பேப்பர் என்று கேட்டீர்கள்

மதினி,

இன்று காலை கதவுக்கு வெளியே கிடந்த செய்தித்தாள் மழையில் ஊறிப்போயிருந்தது. செம்பூரில் மூன்று நாளாக விடாத மழை. வேலைக்குப் போகும் முன் மகன் அதை ஒரு பார்வை பார்த்தாக வேண்டும். அதனால் தாள் தாளாகப் பிரித்து, தோசைக்கல்லின் சூட்டுக்கு மேலே பிடித்துக் காயவைத்தேன். ஈரம் ஆவியாகப் போகும்போது அந்த வாடை எழுந்தது. மையும் மண்ணெண்ணெயும் நனைந்த துணியும் கலந்தாற்போல ஒரு வாடை. தாளை மேடையில் வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மருமகள் வந்து தலை சுற்றுகிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். வேறென்ன சொல்வது?

நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. உங்களுக்கு வாசிக்கத் தெரியாது. நீங்கள் இருந்தபோது எழுதியிருந்தாலும் நானேதான் வந்து வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். அதனால்தானோ என்னவோ இத்தனை வருஷத்தில் உங்களுக்கு ஒரு வரி எழுதியதில்லை. இது முதல் கடிதம்.

அம்மா இறந்த பிறகு அண்ணன் ஊருக்கு வந்து என்னை ரயிலேற்றித் தாராவிக்குக் கூட்டிவந்தபோது எனக்குப் பதினெட்டு வயது. நீங்கள் என்னைவிட நான்கு வயதுதான் மூத்தவர். இடுப்பில் மாரி, பால்குடி. ஒற்றை அறை, தகரக் கூரை, பலகைச் சுவர். பலகை இடுக்கில் சாரல் வராமலிருக்கப் பழைய பேப்பர்களை மைதாப் பசை காய்ச்சி ஒட்டியிருந்தீர்கள். மராத்தி, குஜராத்தி, இங்கிலீஷ் எல்லாம் கலந்து கிடக்கும். தமிழ்த் தாள்கள் ஒட்டியிருந்த மூலையில்தான் என் பாய். படுத்தபடியே வாசிப்பேன். தலைகீழாக ஒட்டியிருந்ததையும் விடமாட்டேன். நீங்கள் அரிசி களைந்துகொண்டே என்னைப் பார்ப்பீர்கள். குழாயடியில் தண்ணீருக்கு நிற்கும்போது, எட்டாம் வகுப்பு வரை படித்த பிள்ளை எங்கள் வீட்டில் இருக்கிறது என்று யாரும் கேட்காமலே சொல்வீர்கள். அந்தப் பெருமை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

அண்ணன் குர்லாவில் லேத் பட்டறையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை கிங்ஸ் சர்க்கிளுக்கு நடந்துபோய், மதராஸிலிருந்து இரண்டு நாள் கழித்து வந்து சேரும் தமிழ்ப் பேப்பர் ஒன்று வாங்கிவருவார். அவர் சவரம் செய்துகொள்வார், நான் வாசிக்க வேண்டும். காணவில்லை என்று போட்டிருக்கும் விளம்பரங்கள்தான் அவருக்கு முதலில் வேண்டும். கோபித்துக்கொண்டு ஓடிப்போனவனுக்கு, நீ போனதிலிருந்து உன் தாய் சாப்பிடவில்லை, உடனே வா என்று இருக்கும். அண்ணன் கத்தியைத் துடைத்துக்கொண்டே, "அவன் இங்ஙனதான் எங்கயாவது கப் கழுவிட்டு இருப்பான்" என்பார். நீங்கள் சிரிப்பீர்கள். உங்கள் சிரிப்பை நான் கேட்டது அந்தப் பத்து மாதத்தில்தான் மதினி.

அறுபதுகளின் பின்பாதி. வருஷம் சொன்னால் தப்பாகிவிடும். ஆடி மாதம், திங்கட்கிழமை. அண்ணன் காலையில் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போனபோதே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மத்தியானம் தண்டவாளம் மூழ்கி ரயில்கள் நின்றுவிட்டன என்று சந்தில் பேசிக்கொண்டார்கள். சாயங்காலம் அவர் வரவில்லை. பட்டறையிலேயே தங்கியிருப்பார் என்று நீங்கள் சொன்னீர்கள். முந்தின வருஷ மழையிலும் அப்படித் தங்கியிருந்தாராம். அதனால் அன்றைக்கு நாம் பெரிதாகப் பயப்படவில்லை.

மறுநாள் மத்தியானம் நான் குழாயடியில் குடத்தோடு நின்றேன். காக்கிச் சட்டை போட்ட ஒருவர் குடையை மடக்காமல் வந்து, சுடலைமுத்து வீடு எது என்று கேட்டார். நான் அவர் தங்கை என்று கையால் காட்டினேன். அவர் இந்தியும் மராத்தியுமாக நாலைந்து வாக்கியம் வேகமாகப் பேசினார். சுற்றிலும் தகரத்தின் மேல் மழை அறைந்துகொண்டிருந்தது. எனக்குப் பிடிபட்டவை கொஞ்சம்தான். "உஸ்கா நாம் பேப்பர் மே லிக்கா ஹை. ஜல்தி ஜாவ்." அவர் பெயர் பேப்பரில் எழுதியிருக்கிறது, சீக்கிரம் போ. நடுவில் தவாகானா என்று ஒரு சொல் இரண்டு முறை வந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியாது. ஏதோ ஊர்ப்பெயர், தெருப்பெயர் என்று நினைத்தேன். புரிந்ததா என்று அவர் கேட்டார். பக்கத்தில் நாலு பெண்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். படித்த பிள்ளை என்று நீங்கள் சொல்லிவைத்திருந்த பெண்கள். நான் தலையை ஆட்டினேன்.

குடத்தை அங்கேயே விட்டு ஓடிவந்து உங்களிடம் சொன்னேன். மாரிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். பிள்ளையை விலக்கினீர்கள்.

"எந்தப் பேப்பருட்டி?"

"பேப்பர்லன்னுதான் சொன்னாரு மதினி."

"எந்தப் பேப்பருன்னு ஓடிப்போயி கேளு. சந்து முக்குலதான் போய்க்கிட்டிருப்பாரு."

"பேப்பர்னா பேப்பர்தான் மதினி. வேறென்ன பேப்பரு இருக்கு?"

இதுதான் நான் சொன்னது. எழுத்துப் பிசகாமல் இதுதான். அந்த மனிதர் அப்போது சந்து முனையைத் தாண்டியிருக்கமாட்டார். ஓடியிருந்தால் பிடித்திருப்பேன். பிடித்து நிறுத்தினாலும் எனக்குப் புரியாது என்று பயந்தேன். புரியாதது உங்களுக்குத் தெரிந்துவிடும் என்று அதைவிட அதிகமாகப் பயந்தேன்.

ஊரில் நமக்குத் தாள் வேறு, காயிதம் வேறு, பேப்பர் வேறு. எழுதுவது தாள். தபால்காரர் கொண்டுவருவது காயிதம். டீக்கடை பெஞ்சில் பிரித்துப் போட்டு நாலு பேர் நாலு பக்கமாகப் படிப்பது பேப்பர். அதைத்தான் பள்ளிக்கூடத்தில் செய்தித்தாள் என்று எழுதவைத்தார்கள். வேறெதையும் நாம் பேப்பர் என்று சொன்னதில்லை. பம்பாயில் அந்த ஒரு சொல் எத்தனை இடத்தில் எத்தனை வேலை செய்கிறது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வந்து பத்து மாதம் ஆகியிருந்தது. நான் சந்தைத் தாண்டிப் போனதில்லை என்பதெல்லாம் ஒரு சமாதானமா?

பெயர் பேப்பரில் வந்திருக்கிறது என்றால் நம்மைப் போன்றவர்களுக்கு என்ன அர்த்தம்? நல்லதற்கு வராது. ரயில் கவிழ்ந்திருக்க வேண்டும், அல்லது போலீஸ். நீங்கள் மாரியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். தலைக்கு ஒரு சாக்கு. முழங்கால் தண்ணீரில் கிங்ஸ் சர்க்கிள் வரைக்கும் நடந்தோம்.

பேப்பர் கடையில் தமிழ்ப் பேப்பர் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதுவும் மூன்று நாள் பழையது. அதில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனாலும் கடையோரம் நின்றபடி முதல் பக்கத்திலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு பொறுக்கமாட்டாமல் உங்கள் இடது கையை நீட்டினீர்கள். முன்னங்கையில் அண்ணன் பெயரைப் பச்சை குத்தியிருந்தீர்கள். கட்டினவர் பெயரை வாயால் சொல்லமாட்டீர்கள், ஆனால் அந்த ஆறெழுத்தின் உருவம் உங்களுக்கு மனப்பாடம். கையைப் பேப்பரின் மேல் வைத்து, வரி வரியாகக் கீழே இறக்கி, "இதா? இதா பேச்சி?" என்று கேட்டுக்கொண்டே வந்தீர்கள். சு என்று தொடங்கும் ஒவ்வொரு சொல்லிலும் நின்றீர்கள். சுங்கம், சுகாதாரம், சுதந்திரம். இல்லை மதினி, இல்லை மதினி என்று நான் சொல்லச் சொல்ல உங்கள் கையிலிருந்து தண்ணீர் சொட்டி எழுத்தெல்லாம் நனைந்தது.

அங்கே ஒரு பெரியவர் இங்கிலீஷ் பேப்பர் வாங்க வந்தார். மாதுங்காவில் குடியிருக்கும் ஆபீஸ்காரர், பாலக்காட்டுப் பக்கத்துப் பேச்சு. நம் நிலைமையைப் பார்த்து அவராகவே விசாரித்தார். கடைக்கூரைக்குக் கீழே நின்று தன் பேப்பரையும், இன்னும் இரண்டு பேப்பரையும் விரித்து ஒரு இண்டு விடாமல் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"அப்படி ஒரு பேரும் இதுல இல்லியேம்மா. சொன்னவன் யாரு? எந்த பாஷையில சொன்னான்?"

நீங்கள் என் பக்கத்தில் நின்றீர்கள். "தமிழ்லதான் சொன்னாரு" என்றேன்.

அது ஏன் என் வாயில் வந்தது? இந்தியில் சொன்னார் என்றால், என்ன சொன்னார், அப்படியே சொல் என்று கேட்டிருப்பார். நான் தவாகானா என்று சொல்லியிருப்பேன். அவர் அந்த நிமிஷமே நம்மை அனுப்பியிருப்பார். இதை நான் எத்தனை முறை நினைத்திருப்பேன் என்று கணக்கில்லை. அந்தப் பெரியவரின் கண்ணாடி, ஈரக்குடை, கவலையாகப் பார்த்த முகம் எல்லாம் நேற்றுப் பார்த்தது போல இருக்கிறது. அவர் நாளைய பேப்பரையும் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை விடிந்ததும் குர்லாவுக்கு நடந்தோம். பட்டறைக்குள் தண்ணீர் நின்றது, பூட்டிக் கிடந்தது. திரும்பி வந்து, சந்து முனையில் முடிதிருத்துபவர் கடையில் மராத்திப் பேப்பரை வாசித்துக் காட்டச் சொன்னோம். அவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும். பாதி சவரத்தில் ஒருவரை உட்காரவைத்துவிட்டு எழுந்துவந்து முழுவதையும் பார்த்தார். இல்லை என்றார். நீங்கள் கடைவாசலிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். முதல் நாளிலிருந்து நீங்கள் ஒரு வாய் சாப்பிட்டிருக்கவில்லை. மாரி பசியில் கத்தினாள். உங்களிடம் பால் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நீங்கள் சுவரைப் பார்த்தபடி நின்றீர்கள்.

"இதுலயும் பாருட்டி."

"இது போன வருசத்துப் பேப்பரு மதினி."

"பரவால்ல. பாரு."

நான் வாசித்தேன். பகல் முழுதும் கதவைத் திறந்துவைத்து, வெளிச்சம் விழும் பக்கமாகத் தொடங்கி, நாலு சுவரும் வாசித்தேன். பாயைச் சுருட்டி, பெட்டியை நகர்த்தி, அடுப்பங்கரையில் புகை படிந்த தாளைத் துடைத்து வாசித்தேன். தமிழ் அல்லாத தாள்களின் முன்னால் நீங்கள் போய் நின்று கையை ஒட்டிவைத்துப் பார்த்தீர்கள், அந்த எழுத்தில் உங்கள் கையில் இருப்பது வராது என்று தெரியாமல். நான் தடுக்கவில்லை. தடுத்தால் நீங்கள் விழுந்துவிடுவீர்கள் என்று இருந்தது. ஏதோ ஒரு மூலையில் அந்தப் பெயர் இருந்துவிடாதா என்று அந்த நேரத்தில் நானும் ஆசைப்பட்டேன். நல்ல புத்தி உள்ளவர்கள் செய்கிற காரியமா அது? அன்றைக்கு நமக்கு அதுதான் செய்ய இருந்தது.

வியாழக்கிழமை மழை விட்டது. பட்டறை திறந்தார்கள். முதலாளி நம்மைக் கண்டதும், சுடலைமுத்து திங்கட்கிழமையே வரவில்லையே, நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். நீங்கள் திரும்பி ஓடத் தொடங்கினீர்கள். மாரியை நான் வாங்கிக்கொண்டேன். குர்லா ஸ்டேஷனில் ரயில்வே போலீஸின் அறைக்குள் நுழைந்து, மேஜையின் மேல் உங்கள் கையை நீட்டினீர்கள். அந்தப் போலீஸ்காரருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. உங்கள் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் பெயரைச் சொன்னேன். புத்தகத்தைப் புரட்டி, ஓர் இடத்தில் விரலை வைத்தார். திங்கட்கிழமை காலை. கூட்ட நெரிசல். கதவோரம் தொங்கிக்கொண்டு வந்தவர் தண்டவாளத்தில் விழுந்திருக்கிறார். உயிர் இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

நம் சந்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருந்த ஆஸ்பத்திரி மதினி. மூன்று நாளாக அதைச் சுற்றித்தான் நடந்துகொண்டிருந்திருக்கிறோம்.

அண்ணன் கண் பாதி மூடியிருந்தது. இடுப்பிலிருந்து கீழே முழுக்கக் கட்டு. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. உடம்பு அனலாகச் சுட்டது. நீங்கள் குனிந்து அவர் காதில் என்னென்னவோ சொன்னீர்கள். முந்தின நாள் மத்தியானம் வரை நினைவோடு இருந்தார், பேசினார், அதற்கப்புறம்தான் காய்ச்சல் தலைக்கு ஏறிவிட்டது என்று நர்ஸ் சொன்னார். மலையாளி என்பதால் அவர் சொன்னது நம் இரண்டு பேருக்குமே புரிந்தது. முந்தின நாள் மத்தியானம் நான் சுவரை வாசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் வார்டுக் கதவில் அந்தக் காக்கிச் சட்டைக்காரர் வந்து நின்றார். ஆஸ்பத்திரி ஊழியர். என்னைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கோபப்படவில்லை. செவ்வாய்க்கிழமையே சொன்னேனே, இப்போதுதான் வருகிறாயா என்று கேட்டார். அன்றைக்கு அவர் இந்தி எனக்கு நன்றாகவே புரிந்தது. கட்டிலின் கால்மாட்டில் ஓர் அட்டை தொங்கியது. அதில் இரண்டு மூன்று தாள்களைக் கிளிப் போட்டு வைத்திருந்தார்கள். அவர் அதைத் தட்டிக் காட்டி, "யே பேப்பர்" என்றார். இதைத்தானே சொன்னேன், தவாகானாவில், அதாவது ஆஸ்பத்திரியில், எழுதிவைத்திருக்கும் பேப்பரில் பெயர் இருக்கிறது, சீக்கிரம் போ என்று.

அண்ணனைத் தேடி ஆயிரம் பேப்பர் பார்த்தோம். அவரைப் பற்றிய செய்தி இருந்த தாள் அது ஒன்றுதான். நீங்கள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அண்ணன் நெற்றியில் உங்கள் முந்தானையை நனைத்துப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் அந்த மனிதரிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பக்கத்துக் கட்டிலில் காலில் கட்டுப் போட்ட ஒரு மராட்டி மில் தொழிலாளி இருந்தார். அவர் உங்களைக் கூப்பிட்டு, அண்ணனைக் காட்டி, வாசலைக் காட்டி, ஒரு சொல்லையே திரும்பத் திரும்பச் சொன்னார். யேணார், யேணார். என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டீர்கள். தெரியவில்லை மதினி என்றேன். அந்த வாரத்தில் நான் சொன்ன ஒரே உண்மை அது.

விளக்கு போடுவதற்கு முன்னாலேயே அண்ணன் போய்விட்டார். நம்மை அவர் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் ஊருக்குத் திரும்பிப் போகச் சொல்லி எல்லோரும் சொன்னார்கள். நீங்கள் போகவில்லை. ரத்திக் கடையிலிருந்து பழைய பேப்பர் கட்டுக்கட்டாக எடுத்துவந்து, மாதுங்காக் கடைகளுக்குப் பொட்டலப் பை ஒட்டிக் கொடுத்தோம். எந்தத் தாளைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்ததோ, அதையே மடித்து ஒட்டித்தான் நாம் சாப்பிட்டோம். நான் வெட்டுவேன், நீங்கள் மடித்து ஒட்டுவீர்கள். முகம் அச்சடித்த தாள் வந்தால் நீங்கள் அதை ஒதுக்கிவைப்பீர்கள். செத்தவர் படமோ, காணாமற்போனவர் படமோ, மந்திரியோ, உங்களுக்குத் தெரியாது. எந்த முகத்தின் மேலும் பசை தடவமாட்டீர்கள். ஒதுக்கிய தாளையெல்லாம் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள்.

எல்லாம் தெரிந்த நான் எதிரில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தேன். சொல்லிவிட வேண்டும் என்று காலையில் நினைப்பேன். சொன்னால் என்னை எங்கே போகச் சொல்வீர்கள் என்று சாயங்காலம் நினைப்பேன். இப்படியே மூன்று வருஷம்.

மாரிக்கு அம்மை போட்டு, இறங்கிய பிறகும் காய்ச்சல் விடாமல் இருந்ததே, அப்போது வேறொரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். சீட்டு எழுதும் ஜன்னலில் நின்றோம். குமாஸ்தா பெயர், வயது கேட்டு எழுதி, ஒரு தாளை உங்கள் கையில் கொடுத்தார். "யே பேப்பர் லேகே ஜாவ்" என்றார், இந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு போ என்று. அதற்குள் உங்களுக்கும் அவ்வளவு இந்தி வந்திருந்தது. நீங்கள் நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். தாளைத் திருப்பிப் பார்த்தீர்கள். அப்புறம் என்னைப் பார்த்தீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது போதுமானதாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மாரியைப் படுக்கவைத்துவிட்டு, பசைச் சட்டியை எடுத்துவைத்து உட்கார்ந்தீர்கள். நாலைந்து பை ஒட்டினீர்கள்.

"அன்னைக்கு அந்தாளு சொன்னது இந்தப் பேப்பரத்தானா?"

"ஆமா மதினி."

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"வார்டுல வச்சே தெரியும்."

நீங்கள் கையிலிருந்த பையின் அடியை மடித்து, ஒட்டி, நகத்தால் நீவினீர்கள்.

"பக்கத்துக் கட்டில்காரரு ஒரு வார்த்தையச் சொல்லிக்கிட்டே இருந்தாருல்லா. அதுக்கு என்ன அர்த்தம்? இப்ப ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்."

தெரிந்துதான் இருந்தது. சந்தில் மராட்டிப் பெண்களோடு பழகி எப்போதோ தெரிந்துகொண்டிருந்தேன். அதையாவது மறைத்திருக்கலாம். ஆனால் அன்றைக்கு என்னால் முடியவில்லை.

"வருவாங்க, வருவாங்கன்னு அர்த்தம் மதினி. அண்ணன் அதத்தான் சொல்லிக்கிட்டே கெடந்துருக்காவ."

நீங்கள் அழவில்லை. அழுதிருந்தால் நான் பிழைத்திருப்பேன். சுவரில் சாய்ந்து, கையில் ஒட்டியிருந்த பசையை உரித்துக்கொண்டே இருந்தீர்கள். நான் உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு, என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"கேக்காதட்டி" என்றீர்கள். "நீ கேட்டா நான் குடுத்தாவணும். எங்கிட்ட அது இல்ல."

கொஞ்ச நேரம் கழித்து, மாரிக்குக் கஞ்சி ஆறுகிறது, போய் ஊட்டு என்றீர்கள்.

அவ்வளவுதான். என்னைத் துரத்தவில்லை. ஒரு நாள்கூட முகத்தைச் சுளிக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து செம்பூரில் எனக்கு மாப்பிள்ளை பார்த்தவரும் நீங்கள்தான், என் இரண்டு பிரசவத்துக்கும் வந்து நின்றவரும் நீங்கள்தான். மாரியைப் படிக்கவைத்து, ஆண்டாப் ஹில்லில் அவள் குடித்தனம் போட்டு, நீங்களும் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு, மாதம் ஒரு தடவையாவது நான் பஸ் ஏறி வந்துவிடுவேன். கருவாடு வறுத்து வைத்திருப்பீர்கள். முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவோம், பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியவில்லை என்று பேசுவோம். அதைப் பற்றி மட்டும் பேசவில்லை. ஒவ்வொரு தடவை திரும்பும்போதும், இன்றைக்குக் கேட்டுவிடலாமா, இப்போதாவது உங்களிடம் அது இருக்குமா என்று படியிறங்கியபடி நினைப்பேன். கேட்டால் நீங்கள் கொடுத்தாக வேண்டும் என்று சொன்னீர்களே. இல்லாததை உங்களிடம் பிடுங்கக்கூடாது என்று கேட்காமலே வந்துவிடுவேன். அப்படியே உங்களுக்கு எண்பது தாண்டிவிட்டது.

வைகாசி வெயில் கொளுத்திய ஒரு நாள். காலை பதினோரு மணி இருக்கும். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கதவு தட்டியது. மாரி நின்றாள். அவளுக்கே அறுபது ஆகப்போகிறது. முகமெல்லாம் வேர்த்து, செருப்பு வாரை மிதித்து அறுத்துக்கொண்டு வந்திருந்தாள். வீட்டில் இத்தனை போன் இருக்கும்போது இந்த வெயிலில் ஏன் இப்படி வந்தாய் என்று கேட்டேன். அவள் உள்ளே வந்து, என் கையிலிருந்த கத்தியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள்.

"அத்த, அம்மா போயிட்டா. காலையில எட்டு மணிக்கு. தூக்கத்துலயே."

தோளிலிருந்த அவள் கைகளைப் பற்றிக்கொண்டேன்.

"போன்ல சொல்லக்கூடாதுன்னு அம்மா சொல்லி வச்சிருந்தா அத்த. ரெண்டு வருசமா சொல்லிட்டே இருந்தா. 'எனக்கு என்ன ஆனாலும் அவளுக்கு யார்ட்டயும் சொல்லிவிடாத. நீயே நேர்ல போயி, பக்கத்துல நின்னு சொல்லு'ன்னு. ஏன்னு கேட்டா சொல்லமாட்டா. ஒங்களுக்குத் தெரியுமா அத்த?"

தெரியாது என்று சொன்னேன். உங்கள் மகளிடம் நான் சொன்ன பொய் அது. உங்களிடமாவது ஒப்புக்கொள்கிறேன்.

அவளோடு டாக்சியில் வந்தேன். சாயங்காலம் வரை உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் எல்லோரும், மதினி மேல் இத்தனை பாசமா என்று பேசிக்கொண்டார்கள்.

நான் தவறாகப் புரிந்துகொண்டு பதறி அலையக்கூடாது என்று இரங்கித்தான் அப்படிச் சொல்லிவைத்தீர்களா? இவளை நம்பி எந்தச் செய்தியையும் யாரிடமும் சொல்லி அனுப்ப முடியாது என்று கடைசி வரை மறக்காமல் சொல்லிவைத்தீர்களா? இரண்டு மாதமாக இதைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். சில நாள் உங்கள் கை என் தலையில் இருப்பது போல இருக்கிறது. சில நாள் அந்தக் கை என்னைத் தள்ளிவைப்பது போல இருக்கிறது. ஆனாலும் மாரி என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில், நான் தவறாக எடுத்துக்கொள்ள ஒரு சொல்லும் இல்லை மதினி. அதற்காக ஒரு மனுஷியை நீங்கள் அந்த வெயிலில் அனுப்பியிருந்தீர்கள். எனக்கென்று நீங்கள் விட்டுப்போனது அதுதான். என்னவென்று தெரியாமலே அதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பேச்சி